தணிக்கை யாரைக் காக்கிறது?

அச்சத்தைக் கலையின் பொருளாக்குவது புதியதன்று. எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் இளிவரலையும் தொல்காப்பியம் சேர்த்தே எண்ணுகிறது. போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அடும் பகுதியைக் கலிங்கத்துப் பரணியில் தமிழ் கற்போர் சுவைத்தே படிக்கின்றனர். ஆயினும் அத்தகைய கொடுமை திரையில் அசையும் படமாக வரும்பொழுது, இதனை மக்கள் காணலாமா என்னும் வினா எழுந்துவிடுகின்றது. அவ்வினாவுக்குரிய விடை ஒரு தலைமுறைக்குள் எவ்வாறு மாறக்கூடும் என்பதற்குப் பிரிட்டன் தக்க சான்றாகும்.

'தி டெக்சஸ் செயின் சா மாஸக்கர்' என்னும் அமெரிக்கத் திகில் படத்திற்குப் பிரிட்டிஷ் திரைப்படத் தணிக்கை வாரியம் 1975-இல் சான்றிதழ் மறுத்தது. பெயரைக் கேட்டோர் குருதி ஆறாக ஓடும் என்று எண்ணுவர். உண்மையில் அப்படத்தில் கண்ணுக்குத் தெரியும் குருதி குறைவே. பின்னர் வெட்டித் திருத்த முயன்ற வாரியத்திற்கும் அது கைகூடவில்லை. குறித்த ஒரு காட்சியன்று, படம் முழுதும் பரவிக்கிடந்த அச்சமே அதன் குற்றம். அச்சத்தை எந்தக் கத்தரிக்கோல் கொண்டு வெட்டுவது? இதற்கிடையே, 1976-இல் லண்டன் பெருநகர மன்றம் தன் எல்லைக்குள் அதனைத் திரையிட இசைவளித்தது. லண்டன் மக்களின் உள்ளம் மட்டும் கெடாது போலும்!

1980-களின் தொடக்கத்தில் வீடியோ நாடா வீடுகளுக்குள் புகுந்தது. திரையரங்கின் வாயிலில் வயது கேட்க ஆளுண்டு. வீட்டின் கூடத்தில் யார் கேட்பது? குழந்தைகளை எண்ணி எழுந்த அவ்வச்சம் நியாயமானது. அதனைச் செய்தித்தாள்கள் பெருந்தீயாக ஊதிவிட்டன. மேரி வைட்ஹவுஸ் போன்றோர் இயக்கம் நடத்தினர். ஆபாச வெளியீடுகள் பற்றிய 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காவலர் கடைகளில் நாடாக்களைக் கைப்பற்றினர். அரசு வழக்குத் தொடர்வுத் துறை வெளியிட்ட பட்டியல்களில் மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன. அவற்றுள் 39 படங்கள் மீதான வழக்குகளே வென்றன. 1984-இல் வீடியோவுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் வாரியத்தின் பெயரில் இருந்த 'தணிக்கை' என்னும் சொல் நீங்கி, 'வகைப்பாடு' என்னும் சொல் வந்தமர்ந்தது.

1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவுகோல், ஒரு படைப்பு காண்போரைச் 'சீர்குலைத்துக் கெடுக்குமா' என்பது. இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது. தணிக்கையாளர் ஒவ்வொரு படத்தையும் வெட்டப்படாத நிலையில், அதுவும் பலமுறை காண்கிறார். அவர் கெட்டாரா? கெடவில்லை என்பதே அனைவரின் நம்பிக்கை. அங்ஙனமாயின் கெடப்போகிறவர் யார்? 'லேடி சாட்டர்லீஸ் லவர்' நாவல் மீது 1960-இல் இதே சட்டத்தின்கீழ் நடந்த வழக்கில், அரசு வழக்கறிஞர் அதற்கு விடையைத் தம்மை அறியாமலே தந்துவிட்டார். உம் மனைவியோ வேலைக்காரரோ படிக்க விரும்பத்தக்க நூலா இது என அவர் நடுவர் குழுவை வினவினார். கெடுபவர் எப்பொழுதும் பிறரே. பெரும்பாலும் தம்மினும் கீழ்ப்பட்டவர் என்று ஒருவர் கருதும் பிறர். ஒழுக்கத்தின் பெயரால் பேசிய பலரிடம் இச்செருக்கு மறைந்திருந்தது.

எனினும், எதிர்த்தரப்பின் கவலை அனைத்தும் செருக்கு என்று தள்ளுவதும் தவறு. 1993-இல் லிவர்பூல் அருகே பத்து வயதுச் சிறுவர் இருவர் ஓர் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றனர். நாடே நடுங்கிற்று. வன்முறைப் படங்களும் ஒரு காரணமாகலாம் என்று நீதிபதி குறிப்பிட்டார். செய்தித்தாள்கள் 'சைல்ட்ஸ் பிளே 3' என்னும் படத்தின் மீது விரல் நீட்டின. அச்சிறுவர்கள் அதனைக் கண்டதற்குச் சான்று எதுவும் கிட்டவில்லை. விளங்காத கொடுமைக்கு ஒரு காரணம் வேண்டுமென்று தவித்த மக்களுக்குப் படம் கைக்கெட்டிய காரணமாயிற்று. ஆயினும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் ஒரு நன்மை செய்தது: காண்போருக்கு நேரக்கூடிய 'தீங்கு' என்ன என்பதை எண்ணிப் பார்க்குமாறு வாரியத்தைப் பணித்தது. அருவருப்பு வேறு, தீங்கு வேறு என்னும் பாகுபாட்டுக்கு இதனால் வழி பிறந்தது.

அதன்பின் மாற்றம் விரைந்தது. 1974-இல் திரையரங்குகளுக்கு அனுமதி பெற்ற 'தி எக்ஸார்சிஸ்ட்' வீடியோச் சான்றிதழ் பெற 1999 வரை காத்திருந்தது. அதே ஆண்டில் 'தி டெக்சஸ் செயின் சா மாஸக்கர்' ஒரு வெட்டும் இன்றி வெளிவந்தது. வழக்குகளில் சிக்கிய 'தி ஈவில் டெட்' 2001-இல் முழுமையாக அனுமதிக்கப்பட்டது. மற்றொரு வேடிக்கையும் நேர்ந்தது. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்கப்படவே இல்லை என்பது 2009-இல் தெரியவந்தது. கால் நூற்றாண்டாகப் பலரைத் தண்டித்த அச்சட்டத்தை 2010-இல் மீண்டும் இயற்ற வேண்டியதாயிற்று.

எல்லாம் அவிழ்த்துவிடப்பட்டன என்று கருதலாகாது. 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' என்னும் இத்தாலியப் படத்தில் நடிகர்கள் மெய்யாகவே கொல்லப்பட்டனர் என்று இத்தாலியில் ஐயம் எழுந்தது; இயக்குநர் அவர்களை உயிரோடு கொண்டுவந்து காட்ட நேர்ந்தது. மனிதர் இறப்பதாக நடித்த காட்சிகள் எவையும் 2011-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் பதிப்பில் வெட்டப்படவில்லை. வெட்டப்பட்டவை ஏறத்தாழ 15 வினாடிகளே: அவற்றில் ஒரு சிறு விலங்கு, நடிப்பாக அன்றி, உண்மையாகவே கொல்லப்படுகிறது.