பொதுப்பொருளும் பெற்றோர் கணக்கும்

ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என நான்கு தானங்களை நம் அறநூல்கள் வகுத்தன. அரசு ஈயும் கல்விப் பொருளை எவர் கையில் ஒப்படைப்பது? அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், தனியார் பள்ளிக் கட்டணத்திற்கே பணம் வழங்கிய இரு திட்டங்களை உச்ச நீதிமன்றம் 2009இல் தள்ளியது. 2011இல் பணம் பெற்றோர் ஆளும் கணக்கில் இடப்பெற்றது. கட்டணம், நூல், தனிப்பயிற்சி எதற்கும் அவர்களே செலவிடலாம். அதனால் 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்றது.

தொடக்கத்தில் உடற்குறையுள்ள சிறார்க்கே அது உரியதாயிருந்தது. அதில் யான் குறை காணேன். செவி கேளாக் குழந்தையின் தேவையைத் தாயினும் அறிவார் யார்? 2022இல் அனைவர்க்கும் திறந்தபோதோ, முதலில் விண்ணப்பித்தோருள் பெரும்பாலோர் பொதுப்பள்ளியில் பயிலாதவர்களே. எஞ்சும் தொகையை மேற்படிப்பிற்குச் சேர்த்து வைக்கவும் சட்டம் இடந்தருகிறது.

“நாமும் வரி செலுத்துகிறோமே” என்பர். வரி திரும்பப் பெறும் வைப்புத்தொகையன்று, மகப்பேறில்லாதவரும் செலுத்துகின்றனர். சட்டம் ஒப்பியதைப் பெறுதல் களவாகாது, மெய்தான். ஆயினும் பரிக்கிரக பரிமாணம் பூண்ட சிராவகர், பெறலாமா என்பதோடு, வேண்டுமா என்றும் வினவக் கடவர். கட்டணம் செலுத்த வல்ல குடும்பம் அக்கணக்கைத் திறவாதிருத்தலே தகும் என்பது என் துணிபு.