ஒரே குவளை

ஊருக்கு ஒரு தேநீர்க் கடை உண்டு. கொதிக்கும் பாய்லர், கண்ணாடிச் சாடிகளில் பன்னும் வர்க்கியும் பொறையும், வாசலில் ஒரு பெஞ்சு. இவ்வளவே அதன் சொத்து. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மில் பலர் அங்கேதான் கூடுகிறோம். பலிபீடத்திலிருந்து அந்தப் பெஞ்சு வரையுள்ள சிறு தொலைவில் நமது விசுவாசமும் உடன் வருகிறதா என்பதே இங்கு நாம் சிந்திக்க விரும்பும் வினா.

தமிழகத்துத் தேநீர்க் கடையின் வரலாறு முற்றிலும் இனிமையானதன்று. தலித் மக்களுக்குத் தனிக் குவளை, குடித்தவரே அதைக் கழுவி வைக்கும் வழக்கம், பெஞ்சில் அமரத் தடை ஆகியவை பல ஊர்களில் நிலவின. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தன் 17ஆம் பிரிவால் தீண்டாமையை ஒழித்தது. கடைகளிலும் உணவகங்களிலும் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்று 15ஆம் பிரிவு விதித்தது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. அதன் பின்னும் இரட்டைக் குவளை மறைய மறுத்தது. குடித்ததும் எறிந்துவிடும் குவளை வந்தபோது, சில ஊர்களில் அதை ஒரு சாராருக்கு மட்டும் நீட்டி, பழைய தீட்டைப் புதிய நாகரிகத்தால் மூடினர்.

சட்டத்துக்கு அஞ்சி ஒரே குவளையில் தருபவர் அதனால் நேர்மையாளர் ஆகிவிடுவாரா? ஆகார். ஆயினும் சட்டத்தை எளிதாக எண்ணலாகாது. நம் உள்ளத்தில் அன்பு கனியும்வரை பிறருடைய மானம் காத்திருக்க வேண்டியதில்லை. சட்டம் தருவது அவரது உரிமை. மனமாற்றமோ நமது கடமை.

அந்தியோக்கியாவில் புனித பேதுரு பிற இனத்தாரோடு உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகினார். புனித பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்ததைக் கலாத்தியர் திருமுகம் கூறுகிறது. பேதுருவின் போதனையில் பிழையில்லை. பந்தியை விட்டு விலகியதே பிழை. நம் கல்லறைத் தோட்டங்களில்கூடச் சாதிச் சுவர்கள் எழுந்தன என்பது மறைக்கவியலாத உண்மை. சாதி வேற்றுமை உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு முரணானது என்று, 2003ஆம் ஆண்டில் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எடுத்துரைத்தார்.

நம் அருகில் நிற்பவருக்கு வேறு குவளை நீட்டப்படும்போது, மௌனமாய்ப் பருகுவதும் உடன்பாடே. பேதுரு அச்சத்தால் எழுந்து போனார். நாமோ அச்சத்தால் அமர்ந்திருக்கிறோம். எனக்கும் அதே குவளையில் தாருங்கள் என்று கேட்கும் துணிவு நம்மிடம் பிறக்கட்டும். ஒரே அப்பத்தில் பங்கு கொண்டவர்கள் நாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.