துடைப்பத்தைத் தொட்டால் ஹிம்சையா?

சென்ற ஆண்டு தசலட்சண பர்வத்திற்கு முன்னர் வீட்டை ஒழுங்குசெய்து கொண்டிருந்தோம். என் மகள் தன் மகனை அழைத்துக் கூடத்தைப் பெருக்கச் சொன்னாள். ஒன்பது வயதுப் பிள்ளை அவன். துடைப்பத்தைக் கையில் வாங்காமலே, "பெருக்கினால் எறும்பு சாகுமே, அம்மா! ஹிம்சை செய்யக் கூடாது என்று கோயிலில் சொன்னார்களே?" என்று கேட்டான். வீட்டிலிருந்தோர் அனைவரும் சிரித்தனர். "கெட்டிக்காரன், தப்பிக்க வழி கண்டுபிடித்துவிட்டான்" என்றார் அவன் தந்தை. துடைப்பம் என் மகள் கைக்கே திரும்பிற்று.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை சோம்பலால் கேட்டானா, இரக்கத்தால் கேட்டானா என்பது அவனுக்கே தெரிந்திராது. ஆயினும் கேள்வி நேர்மையானது. அதற்கு விடை கூறாமல் சிரித்துவிட்டால், அஹிம்சை என்பது வேலை செய்யாதிருப்பதற்கு ஒரு நல்ல சாக்கு என்று அவன் கற்றுக்கொள்வான்.

அவன் கூறியது உண்மை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பெருக்கும்போது சிற்றுயிர்கள் மடிகின்றன. அடுப்பு மூட்டும்போதும் மடிகின்றன. இவ்வாறு இல்லத் தொழில்களால் நேர்வதை ஆரம்ப ஹிம்சை என்பர். கொல்லும் எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையைச் சிராவகர் அறவே விலக்க வேண்டும். ஆரம்ப ஹிம்சையை இயன்றவரை குறைக்க வேண்டும் என்பது நம் நெறி.

ஆனால் பிள்ளை ஒன்றை மறந்தான். அவன் பெருக்காவிட்டால் கூடம் பெருக்கப்படாமல் கிடக்கப் போவதில்லை. அவன் தாய் பெருக்குவாள். அல்லது வேலைக்கு வரும் அம்மாள் பெருக்குவார். செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை வந்து சேரும் என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வருவதன்றோ? பிறர் பெருக்கிய தரையில் கால் நீட்டி அமர்ந்து, 'என் கையால் எறும்பு சாகவில்லை' என்பவன் ஹிம்சையை விலக்கினான் அல்லன். அதைத் தாயின் தலையில் ஏற்றிவிட்டான். பிள்ளையை மட்டும் சொல்வானேன்? நம் வீடுகளில் ஆண்மக்கள் பலர் அறுபது வயது வரை இப்படித்தான் இருக்கின்றனர்.

பெருக்காத வீட்டில் ஹிம்சை குறைவதும் இல்லை. சிந்திய சோறும் வெல்லத் துணுக்கும் கிடக்குமிடத்திற்கு எறும்பு சாரையாக வரும். மடிக்காத துணிக்குவியலில் கரப்பான் குடியேறும். பின்னர் பூச்சி மருந்து வாங்கித் தெளிப்பார்கள். அது ஆரம்ப ஹிம்சையா, சங்கல்ப ஹிம்சையா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் போதலோடு அதற்குக் காரணமான பிரமாதத்தையும் சேர்த்தே கூறினார். இன்று நாம் பாராட்டாகச் சொல்லும் 'பிரமாதம்' அன்று இது. விழிப்பின்மை என்பது பொருள். முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி என்பது, எப்பொருளையும் பார்த்து எடுத்துப் பார்த்து வைத்தலாகும். திகம்பர முனிவர் அமரும் முன் மயிற்பீலியால் இடத்தை மெல்ல வருடித் தூய்மை செய்வதை நாம் கண்டிருக்கிறோம். அப்பணியை அவர் எவரிடமும் ஏவுவதில்லை. புத்தகப் பையை வாசலில் எறிந்துவிட்டு ஓடும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது?

இவ்வளவு எழுதும் நான் வகுப்பறையில் பல்லாண்டுகள் இதற்கு மாறாக நடந்தவள். உழைப்பின் மேன்மை பற்றி ஆசிரியப் பயிற்சித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் பெற்றவள், காலந்தாழ்த்தி வந்த பிள்ளைகளுக்குத் தண்டனையாக வகுப்பைப் பெருக்கும் வேலையைக் கொடுத்து வந்தேன். ஒரு நாள், துப்புரவுப் பணி செய்யும் தாயின் மகள் ஒருத்தி காலந்தாழ்த்தி வந்தாள். வழக்கம்போல் துடைப்பத்தைக் காட்டினேன். ஒரு சொல்லும் பேசாமல் பெருக்கினாள். மற்றப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அந்தப் பார்வையின் பொருள் மாலையில் வீடு திரும்பும்போதுதான் எனக்கு விளங்கிற்று. அவள் தாய் நாள்தோறும் செய்து குடும்பத்தைக் காத்து வந்த தொழிலை நான் தண்டனையாக்கியிருந்தேன். எறும்பு செத்ததோ இல்லையோ, அன்று நான் செய்தது ஹிம்சை. மறுவாரம் முதல் வகுப்பில் எல்லோரும் முறைவைத்துப் பெருக்கினோம்; என் முறையும் அதில் இருந்தது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவு மட்டும் எனக்கு வரவில்லை.

ஆகவே வீட்டு வேலையைத் தண்டனையாகக் கொடுக்கலாகாது. கூலி பேசியும் கொடுக்கலாகாது. தான் உண்ட தட்டைக் கழுவப் பத்து ரூபாய் கேட்கும் பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறையில், குழந்தையின் கைக்கேற்ற சிறு துடைப்பம் உண்டு. பெரியவர் துடைப்பத்தைச் சிறுவன் வீசிப் பெருக்கினால் எறும்பு அவன் கண்ணில் படாது. பூந்துடைப்பத்தின் காம்பைக் குறைத்துக் கொடுங்கள். பகல் வெளிச்சத்தில் பெருக்கச் செய்யுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்குச் செருப்புகளை இணை சேர்த்து வைக்கும் வேலை போதும்.

மறுநாள் காலை பேரனை அருகழைத்து இவற்றுள் அவனுக்கு விளங்கக் கூடியவற்றைக் கூறினேன். ஐந்து நிமிடத்தில் முடியும் கூடத்தை அரை மணி நேரம் பெருக்கினான். சமையலறை வாசலில் எறும்புச் சாரை ஒன்று போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு முழ அளவு குப்பையை அப்படியே விட்டுவிட்டான். "இங்கே ஏன் பெருக்கவில்லை?" என்று அவன் தந்தை கேட்டார். "எறும்பு போகிறது, அப்பா. அது போனபின் பெருக்குகிறேன்" என்றான். பிறகு விளையாடப் போய் மறந்துவிட்டான். பொழுது சாயும் முன் பார்த்தேன். சாரை போய்விட்டிருந்தது, என் மருமகப் பிள்ளை குனிந்து அந்த ஒரு முழத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.