பூட்டிய வீடுகளும் மாற்றலாகி வந்தவர்களும்

ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையின் பழைய தெருக்களில் நல்ல மாடி வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர்கள் துபாயில் இருப்பார்கள், சென்னையில் இருப்பார்கள், கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். நோன்புப் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் கதவு திறக்கும். அதே ஊரின் பள்ளிகளிலும் நகராட்சியிலும் அரசு மருத்துவமனையிலும் வேலை பார்க்கிறவர்களில் பலர் ராமநாதபுரத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் தினமும் பஸ் ஏறி வந்து போகிறார்கள். இது இந்த ஊருக்கு மட்டும் உரிய வினோதம் அல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஆளின்றிக் கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1.1 கோடி. அதற்கடுத்த ஆண்டு மத்திய அரசின் வல்லுநர் குழு கணக்கிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி.

தனக்கு வேலை செய்கிறவர்கள் குடியிருக்க வழி செய்யும் கடமை ஊருக்கு உண்டா?

இல்லை என்போர் சொல்லும் காரணம் லேசானதல்ல. அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மாதச் சம்பளம் உண்டு, அகவிலைப்படி உண்டு, வீட்டு வாடகைப்படியும் உண்டு. பாக் நீரிணையில் நாட்டுப் படகில் போகிறவருக்கும், மன்னார் வளைகுடாவில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கடல்பாசி எடுக்கும் பெண்ணுக்கும், பனையேறுகிறவருக்கும் இவற்றில் எதுவும் கிடையாது. பொதுப்பணத்தில் வீடு கட்டுவதென்றால் முதல் செங்கல் யாருக்கு? சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பதே ஒரு தகுதியாகிவிட்டால், அரசு தன் ஆட்களைத் தானே கவனித்துக்கொள்ளும் ஒரு சங்கமாகிவிடும். இந்த வாதத்தை ஒதுக்கிவிட்டு மேலே போக முடியாது.

ஆனால் மீனவர் தன் கடலைத் தேர்ந்துகொண்டவர். அரசு ஊழியரின் ஊரைத் தேர்ந்தெடுப்பது மாற்றல் உத்தரவு. ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்ற மிரட்டல் பல்லாண்டு காலம் ராமநாதபுரம் மாவட்டத்தைக் குறித்தே சொல்லப்பட்டது. ஒருவரை ஓரிடத்துக்குப் போகச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்கிறதோ, அங்கே அவர் எப்படி இருப்பார் என்ற பொறுப்பும் அவருக்கு உண்டு. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. ஒழிய வேண்டிய முறைதான். என்றாலும் அந்தக் கணக்குப்பிள்ளைக்கு ஊரில் சொந்த வீடு இருந்தது. அவர் இடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலருக்கு, பணி செய்யும் ஊரிலேயே தங்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. பல ஊர்களில் தங்க வீடு இல்லை. விதியைப் போட்டவர்கள் வாடகைக்கு வீடு தேடிப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

வாடகைப்படி இதைச் சரிக்கட்டிவிடும் என்பது காகிதக் கணக்கு. படியைத் தீர்மானிப்பது ஊரின் வகையும் சம்பளத்தின் அளவும். வெளிநாட்டுப் பணம் வந்து மனை விலையும் வாடகையும் ஏறிய ஊர் எது என்பது அந்த அட்டவணைக்குத் தெரியாது.

இதில் ஒரு நேர்மையும் வேண்டும். ராமநாதபுரத்துக்கும் கீழக்கரைக்கும் இடையே 20 கிலோமீட்டர்கூட இல்லை. இந்தத் தூரத்தைத் தினமும் பஸ்ஸில் கடப்பதைத் துயரம் என்று சொன்னால், கடல்பாசி எடுக்கும் பெண் சிரிப்பாள். மதுரையிலிருந்து வரும் ஆசிரியர் மதுரையை விடாதது பிள்ளைகளின் படிப்புக்காக. கீழக்கரையில் இலவசமாக வீடு கொடுத்தாலும் அவர் வரமாட்டார். அவருக்கென்று குவார்ட்டர்ஸ் கட்டினால் அதில் கரையான்தான் குடியிருக்கும்.

அருகிலேயே இருந்தாக வேண்டியவர்கள் வேறு. விடிவதற்கு முன் தெருவில் நிற்க வேண்டிய தூய்மைப் பணியாளர், குடிநீர்க் குழாயைத் திறந்துவிடும் ஊழியர், இரவுப்பணிச் செவிலியர், பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவர். இவர்களிலும் பலர் இன்று ‘ஊழியர்’ என்ற சொல்லுக்குள் வருவதில்லை. நகராட்சிகளின் துப்புரவு வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் கூட்டுகிறவருக்கு வாடகைப்படி கிடையாது. குவார்ட்டர்ஸ் கட்டினாலும் சாவி அவர் கைக்கு வராது. அரசு ஊழியருக்கு மலிவு வீடு என்று பேசத் தொடங்கும்போதே, அதிகம் தேவைப்படுகிறவர் வாசலுக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்.

சரி, அவருக்கே கட்டிக் கொடுப்போம் என்றால், பெரிய சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வேலையோடு கட்டிய வீடு என்ன செய்யும் என்பதை ராமநாதபுரம் கடற்கரை அறியும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் இதே மாவட்டத்து மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டு, பிறகே கடல் தாண்டினார்கள். அங்கே அவர்களுக்குக் காத்திருந்தது லயம், வரிசையாக அடைந்து கிடந்த ஒற்றை அறைகள். வாடகை கிடையாது, ஆனால் குடும்பத்தில் ஒருவர் கொழுந்து பறித்தாக வேண்டும். வேலையை விட்டால் கூரையும் போகும். மூன்று நான்கு தலைமுறைகள் அதே அறைகளில் பிறந்து அதே மலையில் கூடை சுமந்ததற்கு வறுமை மட்டும் காரணமல்ல, அந்தக் கூரையும் ஒரு காரணம். இந்திய உதவியில் இலங்கை மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டமும், 2017-இல் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000 வீடுகளும், குடும்பத்துக்கு 7 பேர்ச் (இலங்கை நில அளவை) நிலம் என்ற ஏற்பாடும் லயத்துக்குப் பிறகு கிடைத்த தாமதமான விடைகள்.

நம் நகரங்களில் தூய்மைப் பணியாளர் குடியிருப்புகள் பலவற்றில் நடந்ததும் இதுதான். அப்பா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு நிற்க வேண்டுமானால் மகன் துடைப்பத்தை எடுக்க வேண்டும். படித்த மகனும் எடுத்திருக்கிறான். ஊரின் ஓரத்தில் தனியாகக் கட்டப்பட்ட அந்தக் குடியிருப்புக்கு ஒரு சாதியின் பெயரும் தானாக ஒட்டிக்கொள்கிறது. கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா பள்ளி நிர்வாகம் 2002-இல் ஆசிரியர்களுக்காகக் குறைந்த வாடகைக் குடியிருப்பு திறந்தபோது உலகம் பாராட்டியது. அங்கும் வேலை போனால் வீட்டைவிட்டுப் போக வேண்டும். ஆனால் அந்த ஆசிரியருக்கு வேறு ஊரில் வேறு பள்ளி கிடைக்கும். துடைப்பம் பிடித்தவரின் மகனுக்கு அப்படி ஒரு மாற்று வழி இருந்ததில்லை. ஒரே ஏற்பாடு ஒருவருக்குச் சலுகையாகவும் இன்னொருவருக்குத் தளையாகவும் ஆகிறது.

ஆகவே புதிதாகக் கட்டுவதற்கு முன் பூட்டிய வீடுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதிலும் வீட்டுக்காரர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மகளுக்குக் கல்யாணத்தின்போது வீடு கொடுப்பது வழக்கம். புருஷன் கடல் கடந்து சம்பாதிக்கும் காலம் முழுவதும் அந்தப் பெண்ணின் காலடியில் இருக்கும் ஒரே உறுதியான நிலம் அதுதான். அதில் அந்நியரை வைத்துவிட்டு, கேட்கும்போது காலி செய்வாரா என்று அஞ்சுவது கஞ்சத்தனம் அல்ல. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு குடித்தனக்காரரை வெளியேற்ற ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தச் சட்டம் 2019 பிப்ரவரியில் போய்விட்டது. இப்போதுள்ள 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கேட்கிறது, அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. சட்டம் மாறிவிட்டது, பயம் மட்டும் பழைய சட்டத்திலேயே நிற்கிறது.

நகராட்சியே வீட்டை வாடகைக்கு எடுத்து, அட்வான்ஸைக் கட்டி, காலி செய்து தருவதற்குத் தானே பொறுப்பேற்று, தன் வேலையைச் செய்கிறவருக்கு உள்வாடகைக்குத் தரலாம். ஒப்பந்தக்காரர் மாறினாலும் வீடு மாறாதபடி ஒரு காலக்கெடுவும் வைக்கலாம். மாற்றலாகி வந்தவரைவிட நம்பகமான குடித்தனக்காரர் கிடைப்பது அரிது. அவரைக் கிளப்ப அரசே உத்தரவு போடும்.

மிச்சமிருப்பது, வாசலில் கேட்கப்படும் கேள்வி. எவ்வளவு வாடகை தருவீர்கள் என்பதற்கு முன், தமிழ்நாட்டின் எந்த ஊரிலும், நீங்கள் யார், என்ன ஆட்கள், குடும்பமா பேச்சுலரா, கவிச்சி சாப்பிடுவீர்களா என்று கேட்கிறார்கள். ஆசிரியை என்றால் கதவு பாதி திறக்கும். குப்பை வண்டிக்காரர் என்றால் அதுவும் திறக்காது. தன் வீட்டுக்கு யார் வரலாம் என்று முடிவு செய்ய வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு என்பது உண்மை. தன் தெருவைக் கூட்டுகிற கையை அந்தத் தெருவில் குடியேற விடமாட்டேன் என்பதை அந்த உரிமையின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. வள்ளல் சீதக்காதியின் பெயரைச் சாலைக்கு வைத்திருக்கும் ஊரிடம் இங்கே யாரும் கொடை கேட்கவில்லை. வாடகை தருகிறேன் என்றுதான் கேட்கிறார்கள்.

கீழக்கரை நகராட்சியும் ஜமாஅத்துகளும் வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து முதலில் பத்து வீடுகளுக்காவது இப்படி ஓர் ஒப்பந்தம் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பத்தில் முதல் சாவி தூய்மைப் பணியாளருக்கும் இரவுச் செவிலியருக்கும் போகட்டும். ஆசிரியரும் எழுத்தரும் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.