கீழ்ப்படிதலும் கல்வியும்: மாணவர் படையணி குறித்து ஓர் அறவியல் நோக்கு

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் பெற்றோர், தம் பிள்ளைகளுக்குப் பாடசாலை தேடும்போது ஒப்புநோக்கும் விடயங்கள் பலவாகும். 1814ஆம் ஆண்டு புளியந்தீவில் தோன்றிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரி, கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தர் 1929இல் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் முதலான நிலையங்களை முன்வைத்து, பரீட்சைப் பெறுபேறு, விளையாட்டு, பிள்ளை நாள்தோறும் கடக்கவேண்டிய தூரம் ஆகியவற்றை அவர்கள் நிறுத்துப் பார்ப்பர். இவற்றிடையே இன்னொரு வினாவும் எழுதல் உண்டு. மாணவர் படையணியில், அதாவது பேச்சுவழக்கிற் கடேற் எனப்படும் பயிற்சியில், பிள்ளையைச் சேர்ப்பதா, விடுவதா? சிலர் இன்னும் ஒருபடி மேற்சென்று, படைத்துறைக் கல்லூரியையே பிள்ளையின் எதிர்காலமாக எண்ணுவர். எந்த நிலையம் சிறந்தது, அங்குப் பெறும் சான்றிதழ் எதற்கு உதவும் என்பன அவர்களது விசாரணையாக இருக்கும். இவ்விசாரணை உலகியல் சார்ந்ததாகத் தோன்றினும் அதனடியில் அறவியல் வினா ஒன்று கிடக்கின்றது. கட்டளைக்குப் பணியும் பழக்கத்தைத் தன் பிள்ளைக்கு ஊட்ட விரும்பும் தந்தை, உண்மையில் எதனைத் தெரிவு செய்கின்றார்? அதனைப் பிள்ளையின் சார்பிலே தெரிவுசெய்யும் உரிமை அவருக்கு எவ்வளவுக்கு உண்டு?

நிலையங்கள் யாவும் ஒருதன்மையன அல்ல என்பது முதலிற் கருதத்தக்கது. இலங்கையில் மாணவர் படைப்பயிற்சி 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. ஆங்கிலேயப் பொதுப் பாடசாலைகளின் வழக்கத்தைப் பின்பற்றித் தொண்டர் படையின் ஓர் ஒட்டாக அது வளர்ந்தது. 1985ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தேசிய மாணவர் படையணி எனத் தனி நிறுவனம் ஆக்கிற்று. நாட்டின் இனப்பிணக்குக் குறித்துத் திம்புவிலே பேச்சு நடைபெற்று முறிந்ததும் அதே ஆண்டிலேதான். பாடசாலைக் கடேற் என்பது வகுப்பு முடிந்தபின் நிகழும் பயிற்சி. மாணவன் மாலையிற் சீருடையைக் களைந்து வீடு செல்கின்றான். தியத்தலாவை இராணுவக் கல்விக்கழகமோ அதிகாரியாக விரும்பும் வளர்ந்தவனுக்கு உரியது. 1980இல் தொடங்கி இன்று ஜெனரல் சேர் ஜோன் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம் எனப் பெயர் தாங்கும் நிறுவனம், பட்டத்தையும் படை அதிகாரப் பதவியையும் ஒருங்கே அளிப்பது. பின்னர் கட்டணஞ் செலுத்திக் கற்கும் படைசாரா மாணவருக்கும் அது கதவைத் திறந்தது. இந்தியாவில் வேறொரு வகை உண்டு. பாதுகாப்பு அமைச்சராயிருந்த கிருஷ்ண மேனனின் முயற்சியால் 1961 தொடக்கம் நிறுவப்பட்ட சைனிக் பாடசாலைகளுள் ஒன்று, 1962இல் தமிழ்நாட்டின் அமராவதிநகரில் அமைந்தது. ஆறாம் வகுப்பிலே சிறுவனை விடுதியிற் சேர்த்து, தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்துக்கு ஆயத்தஞ் செய்தல் அதன் நோக்கமாகும்.

இவற்றைத் தரவரிசைப்படுத்துவதால் ஆவது சிறிதே. கட்டடம், ஆசிரியர், உணவு, வெற்றிக் கிண்ணங்கள் என்பவற்றால் இவை வேறுபடுவதிலும், வெளியேறும் வழியால் வேறுபடுவதே பெரிது. மாலைப் பயிற்சியிலிருந்து விலகும் மாணவன் இழப்பது ஒரு சீருடையை. விடுதிப் பாடசாலையிலிருந்து விலகுபவன் நண்பரையும் பாடத்தையும் இருப்பிடத்தையும் ஒருசேர இழக்கின்றான். பதவியோடு பட்டம் பெறுபவன் ஒப்பந்தத்தால் ஆண்டுக்கணக்கிற் கட்டுண்டவன். பாரதப் போரிலே பதினாறு வயது அபிமன்யு சக்கர வியூகத்தினுள் நுழையும் வழியை அறிந்திருந்தான். மீளும் வழியை அறிந்திலன். மகாபாரதப் போர்க்கதைகளை வடமோடிக் கூத்தாக ஆடும் மட்டக்களப்புக் கிராமங்களுக்கு இதனை எடுத்துரைத்தல் மிகை. ஆயினும் அக்கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. சிறுவனை வியூகத்தை உடைக்குமாறு ஏவியவர்கள் பெரியவர்கள். பின்தொடர்ந்து வருவோம் என அவர்கள் மனமாரவே சொன்னார்கள். வாயில் அடைபட்டபோது அவர்களால் வர இயலவில்லை. நல்லெண்ணம் உடையோரும் தாம் காக்க இயலாத வாக்கைப் பிள்ளைக்கு அளித்துவிடக்கூடும்.

இனி, கீழ்ப்படிதல் என்பதே ஆராயத்தக்கது. நற்பண்பு பழக்கத்தால் வருவது என்றார் அரிஸ்டோட்டில். வீரச்செயலைச் செய்து செய்தே ஒருவன் வீரனாகின்றான். இக்கூற்றைக் கடேற் பயிற்சிக்கு ஆதரவாக எடுத்தாள்வது எளிது. ஆனால் அவரே வீரத்தைப் போலத் தோன்றும் போலிகளையும் வகுத்துக் காட்டினார். தலைவர்க்கு அஞ்சி நிலைகொள்பவனை அவர் உண்மை வீரனாகக் கொள்ளவில்லை. கான்ற் கல்வி பற்றிய தம் விரிவுரைகளில் இதே இடர்ப்பாட்டை வேறு கோணத்தில் முன்வைத்தார்: கட்டாயத்தின் துணைகொண்டு சுதந்திரத்தை வளர்ப்பது எவ்வாறு? கட்டுப்பாடில்லாத பிள்ளை தன் மனவேகத்துக்கு அடிமையாவான் என்பதை அவர் மறுத்தாரல்லர். அக்கட்டுப்பாடு பிள்ளை தன்னைத் தானே ஆளுதற்குப் படியாக அமையவேண்டும் என்பதே அவர் வேண்டியது. இவ்விருவரும் பாடசாலைக் கடேற்றைக் கண்டவர் அல்லர் எனினும், அதனை அளக்கும் கோலை விட்டுச் சென்றுள்ளனர்.

அக்கோலைக்கொண்டு வாவிக்கரையிலேயே சிலவற்றை அளந்து பார்க்கலாம். கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்போர் ஒருவன் குரலுக்கு எல்லோரும் அசைவர். குரல் பிந்தினால் வலை தளரும், மீன் போகும். கட்டளையின் நியாயம் கயிற்றிலே தெரிகின்றது. பணிபவன் அதனைக் கையால் உணர்கின்றான். கூத்துப் பழகும் இளைஞனும் அண்ணாவியாரின் சொல்லுக்குப் பணிகின்றான். சட்டங்கொடுத்தல் முதல் சதங்கை அணிதல், அரங்கேற்றம் வரை பல மாதங்கள் இரவிரவாக உடல் வருந்துகின்றது. தாளம் பிழைத்தால் ஏச்சு உண்டு. ஆயினும் அந்தக் கீழ்ப்படிதல் ஆட்டத்தில் முடிகின்றது. அரங்கேறிய இரவில் ஆடுபவன் தானே கலையின் உரிமையாளனாகின்றான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை வளாகத்துக்குக் கூத்தைக் கொண்டுவந்து கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடையேற்றியபோது, பட்டப்படிப்பு மாணவர் அக்கட்டுப்பாட்டை விரும்பியே ஏற்றனர். ஒழுங்கு என்பது படைமுகாமிலிருந்தே பாடசாலைக்கு வரவேண்டும் என்று கொள்வது, கண்ணெதிரே உள்ள ஒழுங்குகளைக் காணாமையால் விளைவது.

படைப்பயிற்சியின் கீழ்ப்படிதல் இதனின்றும் வேறானது. போர்க்களத்திலே காரணங் கேட்க நேரம் இல்லை. ஆதலின் காரணம் தெரியாதபோதும் பணிதலே அங்குப் பழக்கப்படுத்தப்படுகின்றது. படையின் தேவையை நோக்க இது குறையன்று; குழப்பமுற்ற படை தன்னையும் பிறரையும் அழிக்கும். ஆனால் போர்வீரனுக்கு இன்றியமையாத பண்பு, பதின்மூன்று வயது மாணவனுக்கும் இன்றியமையாததாகுமா? 1945-46இல் நியூரம்பேர்க் விசாரணை, மேலதிகாரியின் கட்டளை என்பது குற்றத்தைப் போக்கும் நியாயமாகாது என நிறுவியது. அதன்படி வீரனுக்கு இரண்டு ஆற்றல் வேண்டும். ஒன்று பணிதல், மற்றது, பணியக்கூடாத இடத்தை அறிதல். முன்னதனை மைதானத்தில் மணிக்கணக்கிற் பழக்குபவர், பின்னதனை எந்த வகுப்பறையிற் கற்பிக்கின்றனர்?

மறுபக்கத்தையும் நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். வறிய வீட்டுப் பிள்ளையும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் ஒரே நிறச் சீருடையில் ஒரே வரிசையில் நிற்கும் இடங்கள் நம் சமூகத்திற் குறைவு. சாதி கேளாது தோளொடு தோள் சேர்ந்து நடக்கும் பயிற்சி சிறுமையானதன்று. கூச்சத்தால் ஒடுங்கிய மாணவி ஒருத்தி அணியை நடத்தக் கற்று நிமிர்கின்றாளாயின், அந்நிமிர்வை எவரும் இகழ்தல் தகாது. வில்லியம் ஜேம்ஸ் 1910இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், போரை வெறுப்போர் போர்வாழ்வு வளர்க்கும் உறுதியையும் தன்னலமறுப்பையும் வெறுத்தல் ஆகாது என்றும், அவற்றை வளர்க்கும் போரல்லாப் பணிகளை இளைஞர்க்கு ஆக்கித்தர வேண்டும் என்றும் வாதிட்டார். ஆக்கித்தரப்படாத இடத்திலே பெற்றோர் கடேற்றை நாடுவது வியப்பன்று. வெள்ளம் வாவியை நிறைத்து வயல்களை மூடும் மார்கழியில், படகோட்டவும் முதலுதவி செய்யவும் பயின்ற மாணவர் அணி ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்குமாயின் இவ்விவாதத்தின் பாதி தேவைப்படாது போகும்.

மொழி பற்றிய சிக்கலும் ஈண்டு உண்டு. கட்டளை எம்மொழியில் வருகின்றது என்பது சிறிய விடயமன்று. சிந்திக்குமுன் உடலை அசைக்கும் சொல் அது. 1968 சனவரியில் அண்ணாதுரை தலைமையிலான அரசு, தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தீர்மானத்தின் வழி, தேசிய மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்களை எதிர்த்தது நினைவுகூரத்தக்கது. இந்தியாவில் 1962ஆம் ஆண்டின் சீன எல்லைப்போருக்குப் பின்னர் கல்லூரி மாணவர்க்குக் கட்டாயமாக்கப்பட்ட அப்பயிற்சி, 1968இல் மீண்டும் விருப்பத்துக்குரியதாயிற்று. இலங்கையில் 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தின் பின் படைத்துறை சிங்களமொழி வயமாயிற்று. தமிழர் அதிற் சேர்வது அருகிற்று. இதனால் விளைந்த அநீதி இருமுனையுடையது. ஓரினத்தவரை மட்டுமே கொண்ட படை மற்றோரினத்துக்கு அன்னியமாகவே இருக்கும். அன்னியமாய் இருப்பதனால் அவ்வினத்தார் அதிற் சேரார். இவ்வட்டத்தை யாரோ ஒருவர் உடைத்தாக வேண்டும் என்போர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அரசியலாளர் எழுபது ஆண்டுகளாகத் தீர்க்காத கணக்கை ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றுவது முறையா? வளர்ந்த ஒருவர் தாமே அறிந்து அப்பொறுப்பை ஏற்பாராயின் அது மதிக்கத்தக்க துணிவு. பிள்ளைக்காகப் பிறர் அத்துணிவைக் கொள்ளல் இயலாது.

மட்டக்களப்பிலே சீருடை என்னும் சொல் அகராதிப் பொருளோடு நில்லாது. கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்த வந்தாறுமூலை வளாகத்தில் 1990ஆம் ஆண்டு மக்கள் தஞ்சமடைந்திருந்தனர். செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் மீளவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னர், ஆகஸ்ட் 3இல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின்னரும் இம்மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து அவ்வியக்கம் சிறுவரைச் சேர்த்தது. 2004இல் இயக்கம் பிளவுண்டபோது நூற்றுக்கணக்கானோர் வீடு திரும்பினர். சிலர் மீண்டும் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னர் பிரிந்த அணியினரும் இளைஞரைக் கடத்தினர். பாடசாலைக்குப் போன பிள்ளை வரும்வரை தெருவைப் பார்த்திருந்த தாய்மார் இன்று பேரப்பிள்ளைகளுக்குப் பாடசாலை தேடுகின்றனர். கால் ஒத்து நடக்கும் ஓசை அவர்கள் காதில் விழுவதும் வேறொருவர் காதில் விழுவதும் ஒன்றல்ல. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், தந்தையையும் கணவனையும் போரில் இழந்தபின் ஒரே மகனையும் களத்துக்கு விடுத்தாள். அத்தாயை மறக்குடி மாண்பின் எடுத்துக்காட்டாகப் பாடநூல்கள் போற்றுவன. அம்மகனின் விருப்பம் யாது என்பதைப் பாடல் சொல்லவில்லை. பாடத்தை நடத்துவோரும் பெரும்பாலும் கேட்பதில்லை.

பல்கலைக்கழகத்தார் இதனைப் பாடசாலைகளின் பிரச்சினையாக மட்டும் கருதுதற்கில்லை. 2011 மே மாதத்தில், புதிதாகத் தெரிவான 20,000க்கு மேற்பட்ட பல்கலைக்கழக மாணவர்க்கு மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி இராணுவ முகாம்களில் ஏற்பாடு செய்யப்பட்டது. எதிர்ப்பு நீதிமன்றம் வரை சென்றது. சில ஆண்டுகளின் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. இடைக்காலத்திற் பாடசாலை அதிபர்களுக்குப் பயிற்சியளித்துக் கேணல் தரம் வழங்கிய விநோதமும் நிகழ்ந்தது. (அதிபரின் தகுதி தோளிலுள்ள நட்சத்திரத்தால் உயரும் என எண்ணியவர், அதிபர் என்ற சொல்லை எவ்வளவு தாழ மதித்திருந்தார்!) பகிடிவதையை ஒழித்தலும் ஒழுங்கை வளர்த்தலும் அத்திட்டத்தின் நியாயங்களாகச் சொல்லப்பட்டன. பகிடிவதை என்பதே காரணங் கேளாது மூத்தோர்க்குப் பணியும் ஒழுங்குதான் என்பது அப்போது கவனிக்கப்படவில்லை. வினா எழுப்புதலைத் தொழிலாகக் கொள்ளவேண்டிய இடத்துக்கு வரும் இளைஞனை, வினா எழுப்பாமையைப் பயிற்றி வரவேற்றமை அத்திட்டத்தின் அடிப்படைக் குறை.

இவ்வாறு நோக்குமிடத்து, மாலைநேரக் கடேற்றும் சிறுவயது விடுதிப் படைப்பாடசாலையும் ஒரே அளவையில் வைத்து ஒப்பிடத்தக்கன அல்ல என்பது பெறப்படும். முன்னது தீங்கற்றதாக இருக்கலாம். பலருக்கு நன்மையும் பயக்கலாம். பின்னது, பிள்ளை தன்னை அறியுமுன் அவன் தொழிலை மட்டுமன்றி, யாருக்காக உயிரை ஈவான் என்பதையும் பெற்றோர் முடிவுசெய்வதாக அமைகின்றது. வறுமையே அத்தெரிவுக்குக் காரணமாயின் குறை பெற்றோரிடத்து இல்லை. இலவச உணவும் நல்ல ஆசிரியரும் படைவாயிலில் மட்டுமே கிடைக்குமாறு விட்ட அரசினிடத்தே உள்ளது. பதினெட்டு வயது நிரம்பியவர் தியத்தலாவைக்கோ கொத்தலாவல பல்கலைக்கழகத்துக்கோ தாமே விண்ணப்பிப்பாராயின், அவரோடு வாதிடலாம், தடுத்தல் முறையன்று.

மாலைநேரப் படையணி குறித்து ஆராயும் பெற்றோர், கிண்ணங்கள் அடுக்கிய கண்ணாடி அலுமாரியை விடுத்துப் பொறுப்பாசிரியரிடம் வேறு சிலவற்றை விசாரித்தல் பயனுடையது. கட்டளைகள் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் விளக்கப்படுகின்றனவா? தண்டனை எத்தகையது, அதனைக் கொடுப்பவர் ஆசிரியரா, மூத்த மாணவரா? முகாமுக்குச் செல்ல மறுத்த மாணவர் முன்னர் எவரேனும் உளரா, அவர் எவ்வாறு நடத்தப்பட்டார்? ஆண்டின் நடுவிலே சீருடையைத் திருப்பிக் கொடுத்த பிள்ளை, மறுநாட் காலையில் அதே வகுப்பில் அதே வாங்கிலே தலைகுனியாது அமர்ந்ததுண்டா என்பதையும் கேட்டறியலாம்.