பிறப்பால் உயர்ந்த ஈக்யூ

“ஸ்டாக் ப்ளக்-இன்ல மிக்ஸ் பண்ணினதா? அதான் இப்படி இருக்கு.”

வீட்டிலேயே சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கும் எந்த இளைஞரையும் கேளுங்கள். இந்தப் பேச்சை ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். சொன்னவர் பாட்டை முழுதாகக் கேட்டாரா? குரல் எங்கே அமுங்குகிறது, பேஸ் எங்கே குழம்புகிறது என்று ஒரு இடத்தையாவது காட்டினாரா? இல்லை. திரையில் எந்த ப்ளக்-இன் திறந்திருக்கிறது என்று பார்த்தார், தீர்ப்பு வழங்கிவிட்டார். காதுக்கு வேலையே வரவில்லை.

விவரம் அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லாஜிக் ப்ரோ, க்யூபேஸ், எஃப்.எல். ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ், ரீப்பர் என இசைத் தயாரிப்பு மென்பொருள் எதை வாங்கினாலும், ஒலியைச் செதுக்கும் ஈக்யூ, ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரஸர், எதிரொலி தரும் ரிவெர்ப் எல்லாம் கூடவே வரும். அவை ஸ்டாக் ப்ளக்-இன்கள். மற்ற நிறுவனங்கள் தனியாக விற்பவை தேர்ட் பார்ட்டி. 1996இல் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் வி.எஸ்.டி. என்ற பொது முறையைக் கொண்டுவந்த பிறகு இந்த இரண்டாவது சந்தை பெருகியது. சந்தை பெருகட்டும். அதைச் சுற்றி ஒரு வழிபாடும் வளர்ந்திருக்கிறதே, அதற்கு என்ன ஆதாரம்?

சோதித்துப் பார்த்துவிடலாம். ஒரு குரல் டிராக்கை எடுத்து இன்னொரு நகல் போடுங்கள். ஒன்றில் ஸ்டாக் ஈக்யூவை வைத்து 300 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறையுங்கள். மற்றதில் காசு கொடுத்து வாங்கிய ஈக்யூவை வைத்து அதே இடத்தில் அதே அளவு குறையுங்கள். வளைகோட்டின் அகலமும் ஒன்றாக இருக்கட்டும். (அந்த அகலத்துக்கு ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்; எண்ணை நம்பாமல் கோட்டைப் பாருங்கள்.) இப்போது ஒரு டிராக்கின் ஃபேஸை மட்டும் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஓடவிடுங்கள். இரண்டும் ஒரே ஒலியாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஸ்பீக்கரில் ஒன்றும் வராது. சாதாரண டிஜிட்டல் ஈக்யூக்கள் பெரும்பாலும் இப்படித்தான் வாயடைத்துப் போகின்றன. உள்ளே இருப்பது பாடப்புத்தகத்தில் உள்ள கணக்கு. அது யாருடைய பரம்பரைச் சொத்தும் இல்லை. மேல் அதிர்வெண்களில் சில ஈக்யூக்களின் கோடு சுருங்கும், அங்கே கொஞ்சம் மிச்சம் கசியலாம். அந்தக் கசிவுக்குத்தான் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்தீர்களா?

“முகப்பு வசதியாக இருக்கிறது, வேலை சீக்கிரம் முடிகிறது” என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அது நேர்மையான காரணம். “ஒலியில் ஒரு உயிர் இருக்கிறது” என்று சொன்னால், அந்த உயிரைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் காட்டுங்கள் என்பேன்.

கம்ப்ரஸர் கதை வேறு. அது ஒலியைப் பிடிக்கும் வேகமும் விடும் வேகமும் வடிவமைத்தவரைப் பொறுத்து மாறும். இரண்டு கம்ப்ரஸர்கள் ஒன்றையொன்று அழித்து மௌனமாவது அரிது. அதற்காக வேறாக இருப்பதெல்லாம் மேலானதாகிவிடுமா? லாஜிக்கில் கூடவே வரும் ஒரே கம்ப்ரஸருக்குள் ஏழு வகைகள் இருக்கின்றன, பழைய ஸ்டுடியோக் கருவிகளைப் போலச் செய்தவை உட்பட. அந்த ஏழையும் உட்கார்ந்து கேட்காமலே எட்டாவதை வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

இதில் காது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஒலியின் அளவு மாறினால், அதில் பேஸும் உச்சமும் நமக்குக் கேட்கும் விகிதமும் மாறும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். சற்றே சத்தமாக இருப்பது சற்றே நன்றாக இருப்பதாகத் தோன்றும். பல ப்ளக்-இன்கள் போட்ட மாத்திரத்தில் அளவைக் கொஞ்சம் கூட்டிவிடும். “போட்டதுமே பாட்டு மலர்ந்துவிட்டது!” மலரவில்லை ஐயா, உரத்துவிட்டது. இரண்டின் அளவையும் சமமாக்கிவிட்டு, எது எது என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

வயலின் உலகம் இந்தச் சோதனைக்கு உட்பட்டது. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் கிளாடியா ஃப்ரிட்ஸ் குழுவினர், தேர்ந்த கலைஞர்கள் 21 பேரிடம் ஆறு வயலின்களைக் கொடுத்தார்கள். மூன்று புதியவை, மற்ற மூன்றும் புகழ்பெற்ற பழையவை: இரண்டு ஸ்ட்ராடிவேரியஸ், ஒன்று குவார்நேரி. எது எது என்று தெரியாதபடி கலைஞர்களுக்கு இருண்ட கண்ணாடி மாட்டியிருந்தார்கள். எது பழையது என்று பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை. அவர்களுக்கு மிகக் குறைவாகப் பிடித்தது ஒரு ஸ்ட்ராடிவேரியஸ். கோடிக்கணக்கில் விலைபோகும் மரப்பெட்டிக்கே அந்தக் கதி என்றால், நம் ப்ளக்-இன் எம்மாத்திரம்?

ஒன்று எங்கே பிறந்தது என்று கேட்டு அதன் தகுதியை முடிவு செய்யும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதா? மென்பொருளில் வரும் ஏற்றத்தாழ்வையும் மனிதர்மேல் சுமத்திய ஏற்றத்தாழ்வையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். ஒன்றில் பணம் போகிறது, மற்றதில் உயிர் போகிறது. ஆனால் இரண்டையும் அனுமதிப்பது சோதிக்க மறுக்கும் அதே மூளைச் சோம்பல். பெயரைக் கேட்டவுடன் கும்பிடுகிறவர், பெயரைக் கேட்டவுடன் ஒதுக்கவும் செய்வார்.

வழிபாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். பழைய கருவிகளை அச்சு அசலாகக் காட்டும் வேவ்ஸ் நிறுவனத்தின் சில ப்ளக்-இன்களில் 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். மின்சாரத்தின் முனகலையும் இரைச்சலையும் சேர்ப்பதற்கு! அந்தக் காலத்து ஒலிப்பதிவாளர்கள் எந்த முனகலை ஒழிக்கத் தூக்கம் கெட்டார்களோ, அதையே இன்று காசு கொடுத்து வாங்குகிறோம். 50 ஹெர்ட்ஸ் முனகல் வேண்டுமென்றால் நம் வீட்டுச் சுவரிலேயே இலவசமாக இருக்கிறதே.

சரி, வாங்கினீர்கள். அது உங்களுடையதா? 2023 மார்ச்சில் அதே வேவ்ஸ், இனி நிரந்தர உரிமம் கிடையாது, சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. உலகம் முழுக்க எழுந்த கோபத்தில் சில நாட்களிலேயே பின்வாங்கியது. கும்பிட்டதால் பின்வாங்கவில்லை, கேள்வி கேட்டதால் பின்வாங்கியது. 2019இல் ஆப்பிளின் கேட்டலினா இயங்குதளம் வந்தபோது அதில் 32-பிட் மென்பொருள்கள் ஒட்டுமொத்தமாக நின்றுபோயின. உருவாக்கியவர் கடையை மூடிவிட்ட ப்ளக்-இன்னில் மிக்ஸ் செய்த பழைய பாட்டைத் திறந்தால் இன்று வருவது “காணவில்லை” என்ற அறிவிப்புதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் நானும் ஒரு பூசாரிதான். எண்ணெய் தேடும் நில அதிர்வுக் கணக்குகளில் வேலை செய்த ஆண்டி ஹில்டிபிராண்ட் 1997இல் ஆட்டோ-ட்யூனைக் கொண்டுவந்தபோது, சுருதி திருத்தும் அந்த வேலையைச் செய்ய எந்த மென்பொருளிலும் ஸ்டாக் கருவி இல்லை. பாழான பதிவிலிருந்து இரைச்சலைப் பிரித்தெடுக்க, பாடிய ஸ்வரங்களை ஒவ்வொன்றாக நகர்த்த என்று தனியாக வாங்கத் தகுந்தவை இன்றும் உண்டு. உங்கள் வேலைக்கு எது இல்லையோ அதை வாங்குங்கள். எது இல்லை என்பது, இருப்பதைக் கற்ற பிறகுதானே தெரியும்?

இனி வலிக்கும் இடம். வாங்க முடியாதவர் என்ன செய்கிறார்? கிராக் செய்த திருட்டு நகலைப் போடுகிறார். “பெரிய கம்பெனிதானே, அவனுக்கு என்ன நஷ்டம்?” இந்த ப்ளக்-இன்களை எழுதுகிறவர்களில் பலர் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு பட்டறைக்காரர்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? தன் பாட்டை யாரோ திருடிவிட்டார் என்று கொதிக்கும் இசையமைப்பாளர், அந்தப் பாட்டைத் திருட்டு மென்பொருளில் செய்திருந்தால் எந்த நியாயத்தைப் பேசுவார்? வறுமையைக் காரணம் காட்ட முடியாது. கூடவே வந்த ஸ்டாக் இருக்கிறது. வால்ஹல்லாவின் சூப்பர்மாசிவ் போன்ற ரிவெர்ப் இலவசமாகவே கிடைக்கிறது. திருட வைத்தது வயிறு இல்லை, அந்தஸ்து.

ரீப்பரைப் பாருங்கள். வினாம்ப் பிளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் மென்பொருள் அது. 60 நாள் இலவசச் சோதனை. தனிநபருக்கு விலை 60 டாலர். 60 நாள் முடிந்ததும் என்ன ஆகும்? பூட்டிக்கொள்ளாது. திறக்கும்போது சில நொடிகள் ஒரு நினைவூட்டல் வரும், அவ்வளவுதான். எந்த வசதியும் குறையாது. காவலர் இல்லை, கேமரா இல்லை, மேலே இருந்து கணக்கெழுதுகிறவரும் இல்லை. நீங்களும் உங்கள் அறிவும் மட்டும். அந்த 60 டாலரைக் கட்டினீர்களா? கடவுள் பயம் இல்லாவிட்டால் ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்று நாத்திகர்களான எங்களைக் கேட்கிறவர்களுக்கும் இதே கேள்வியை வைக்கிறேன். பக்தர்கள் எல்லாரும் கட்டிவிட்டார்களா?

இன்னொரு கணக்கு இதைவிட மோசம். தள்ளுபடி என்றதும் இருபதாயிரத்துக்கு ப்ளக்-இன் அள்ளுகிறவர், டிராக் பாட வந்த பெண்ணிடம் “பட்ஜெட் இல்லம்மா, உனக்கு ஒரு நல்ல சான்ஸ்” என்கிறார். பஸ் செலவுக்கும் கொடுப்பதில்லை. நாதஸ்வரக்காரர் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு, பணம் வருமா வராதா என்று ஒரு மாதம் போன் செய்துகொண்டிருக்கிறார். குரலுக்கு மெருகேற்றும் கருவிக்குப் பணம் இருக்கிறது, குரலுக்கு இல்லையா? இது எந்த ஊர் நியாயம்? மென்பொருள் நிறுவனம் பணம் வராமல் உரிமம் தராது என்பதால் உடனே கட்டுகிறோம். பாடுகிறவர் பாடி முடித்த பிறகுதான் கேட்பார் என்பதால் இழுத்தடிக்கிறோம். எளியவரிடம் மட்டும் காட்டும் இந்த நேர்மையின்மைக்கு எந்த ப்ளக்-இன்னும் மருந்தாகாது.

கடைசியாக ஸ்டாக் கதைக்கே திரும்புவோம். ஆப்பிள் கணினியோடு சும்மா வரும் கராஜ்பேண்ட் மென்பொருளில் ‘விண்டேஜ் ஃபங்க் கிட் 03’ என்று ஒரு டிரம் லூப் உண்டு. 2007இல் ரியானாவின் ‘அம்ப்ரெல்லா’ அதன்மேல்தான் நின்றது. பிரிட்டனில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. கேட்டவர் ஒருவராவது “இது ஸ்டாக்தானே” என்று ரேடியோவை நிறுத்தினாரா?

இந்த மாதம் ஏதாவது ப்ளக்-இன் வாங்கும் எண்ணம் இருக்கிறதா? தாராளமாக வாங்குங்கள், சோதித்து வாங்குங்கள். அதற்கு முன்னால், போன பாட்டில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள்.