நோயாளியின் பொருளுடைமை

திருக்குறள் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நான்காகப் பகுக்கிறது. பரிமேலழகர் நோயாளிக்குரிய இயல்புகளுள் ஒன்றாகப் பொருளுடைமையைச் சுட்டுகிறார். (வாக்படரின் அட்டாங்க இருதயமும் அவ்வாறே கூறும்.) மூலத்தில் இல்லாத பொருள் உரையில் நுழைந்தது, பொருளற்றவன் நோயாளியாகும் தகுதியும் அற்றவன் என்னும் முடிவு அதனுள் உறைந்துள்ளது. உரையாசிரியரைக் குறைகூறிப் பயனில்லை. அவர் மருத்துவ நூல் வழக்கை மொழிந்தார். பணமின்மையால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் அறிவித்த பின்னரும் அவ்வழக்கு ஒழியவில்லை என்பதே உறுத்துகிறது.

இன்றைய சத்தீஸ்கரில் உள்ள தல்லி ராஜஹராவின் இரும்புச் சுரங்கத் தொழிலாளர், சங்கர் குஹா நியோகியின் வழிகாட்டலில் இயங்கிய தம் சங்கத்தின் வழியே, சொந்தப் பொருளாலும் உடலுழைப்பாலும் 1983இல் ஷஹீத் மருத்துவமனையை நிறுவினர். பரிமேலழகர் ஒருவனிடம் எதிர்பார்த்த பொருளுடைமை அங்குப் பலரது உடைமையாயிற்று. உணவின் அளவைப் பேசும் அவ்வதிகாரத்தின் முற்பகுதியையும் இங்கு எண்ணலாம். கூலி உயர்ந்தபோது மதுவும் பெருகியது. அளவு கடத்தலுக்கு எதிரான இயக்கத்தை வெளியார் எவரும் போதிக்கவில்லை. கூலிக்குப் போராடிய அதே சங்கத்தாரே, மருத்துவமனை எழுமுன்னரே, அதைத் தொடங்கியிருந்தனர்.